பூ வைக்காத ஊரில் ஐந்து நாள்

முதல் நாள், புதன்

“பூ பாக்கவா இம்புட்டு தூரம் போறிய? இங்க வந்தா மூடை மூடையாட்டு காட்டித் தாரேனே” என்றார் அம்மா போனில். கேட்டது நியாயம்தான். எங்கள் வீடு தோவாளை பூச்சந்தையிலிருந்து நடந்து போகிற தூரம். பிச்சியும் அரளியும் இருட்டோடு வந்து இறங்குகிற சத்தத்தில் கண் விழித்து வளர்ந்தவள் நான். எனக்கு எதற்கு ஹாலந்து டியூலிப்?

எனக்கு இல்லை, மகளுக்கு. ஐந்தரை வயது, பிறந்தது ஜெர்மனியில் கொலோனில். அவளுக்குப் பூ என்றால் கடை வாசலில் வாளித் தண்ணீரில் நிற்கிற பத்துத் தண்டு, அதற்கு ஒரு ரப்பர் பேண்ட், மேலே ஒட்டிய விலைச்சீட்டு. இந்த ஆண்டு பள்ளியில் சேர்ந்துவிட்டால் வாரத்தின் நடுவில் இப்படிக் கிளம்ப முடியாது. கணவருக்கு விடுப்பு இல்லை. சரி, நாம் இரண்டு பேர் போதும் என்று ஒரு முதுகுப்பை, ஒரு சின்னப் பெட்டி, இரண்டு டப்பா புளிச்சாதத்துடன் ரயில் ஏறிவிட்டோம்.

ஆம்ஸ்டர்டாம் ரயிலில் வந்து, உட்ரெக்ட்டில் இறங்கி லெய்டனுக்கு மாற வேண்டும். மாறுகிற இடத்தில் அவளுக்கு அவசரம். ஸ்டேஷன் கழிப்பறை வாசலிலேயே காசு கேட்கும் இயந்திரம். அட்டையைக் காட்டியதும் வழி விட்டது. துட்டு கொடுத்துக் கக்கூஸ் போவது நமக்குப் புதிதில்லை. ஆனால் அந்த இரண்டு சொல்லும் எங்கிருந்து வந்தனவோ அந்த நாட்டிலேயே நின்று அதைச் செய்வதில் ஒரு தனி நிறைவு இருந்தது. துட்டு, டச்சுக்காரர்களின் ‘டொய்ட்’ என்ற செப்புக்காசு. கக்கூஸ், அவர்களுடைய ‘கக்ஹவுஸ்’. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டையோடு உட்கார்ந்திருந்தவர்கள் போகும்போது நம் வாயில் விட்டுவிட்டுப் போனவை. எங்கள் பக்கம் குளச்சலில் 1741இல் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றவர்களும் இவர்கள்தான். இத்தனையும் மகளுக்கு விளக்கினேன். அவள் கக்கூஸை மட்டும் பிடித்துக்கொண்டு லெய்டன் வரை சிரித்தாள்.

லெய்டனில் இறங்கும்போது நல்ல வெயில். வாய்க்காலோரம் பெட்டியை இழுத்துக்கொண்டு பத்து நிமிடம் நடப்பதற்குள் ஆலங்கட்டி மழை. ஒரு கடை இறக்கத்தில் ஒதுங்கினோம். அடுத்த ஐந்து நிமிடத்தில் மறுபடி வெயில். ஏப்ரல் மாதம் தன் இஷ்டத்துக்குத்தான் நடக்கும் என்று இங்கே ஒரு சொலவடையே இருக்கிறதாம்; விடுதிக்கார அம்மாள் சாவியைக் கொடுக்கும்போது சொன்னார். மாடிப்படி ஏணி மாதிரி செங்குத்து. மகளை முன்னால் ஏறவிட்டு, பெட்டியைத் தலையில் முட்டுக்கொடுத்து ஏற்றினேன்.

இரண்டாம் நாள், வியாழன்

கூக்கன்ஹாஃப் பூங்காவுக்குப் போனோம். லிஸ என்ற சிற்றூரில் இருக்கிறது, லெய்டன் ஸ்டேஷனிலிருந்து 854ஆம் எண் பஸ். நுழைவுச்சீட்டில் உள்ளே போகும் நேரத்தையும் குறித்துவிடுகிறார்கள், அதனால் முன்பே வாங்கிவிடுவது நல்லது. நான் வாங்கியிருந்தேன். ஆனால் பஸ்ஸுக்கு நின்ற கூட்டத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. இரண்டு பஸ்ஸை விட்டு மூன்றாவதில் தொற்றினோம். குறித்த நேரம் தாண்டியிருந்தது, வாசலில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கூக்கன் என்றால் சமையலறை. 15ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் டெய்லிங்கன் கோட்டையில் இருந்த யகோபா சீமாட்டியின் அடுக்களைக்கு இங்கிருந்துதான் கீரையும் காயும் போயினவாம். அடுக்களைத் தோட்டம் இன்று 32 ஹெக்டேர் பூங்கா. இரண்டாம் உலகப் போர் முடிந்து நாடு எழுந்து நிற்க முயன்றுகொண்டிருந்தபோது, 1949இல், டியூலிப் மாதிரிப் பூச்செடிகளின் கிழங்கு பயிரிடுகிறவர்களும் ஏற்றுமதி செய்கிறவர்களும் கூடி, தங்கள் சரக்கை நட்டு வைத்துக் காட்ட இந்த இடத்தைப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டு பொதுமக்களுக்குத் திறந்தார்கள். ஆக, இது அடிப்படையில் ஒரு கடையின் முன்வாசல். இலையில் பரத்திவைத்த மாதிரிச் சரக்கு. சந்தைக்காரி மனசுக்கு இந்தச் செய்தி மிகவும் பிடித்திருந்தது.

ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் சுமார் 70 லட்சம் கிழங்குகளைக் கையால் நடுகிறார்கள். திறந்திருப்பது மார்ச் நடுவிலிருந்து மே நடுவரை எட்டு வாரம்தான். ஒரு டியூலிப் அத்தனை நாள் நிற்காது. அதற்கு ஒரு உபாயம் வைத்திருக்கிறார்கள்: கடைசியில் பூப்பது அடியில், நடுவில் பூப்பது அதற்கு மேல், முந்திப் பூப்பது எல்லாவற்றுக்கும் மேல் என்று ஒரே இடத்தில் அடுக்கடுக்காக நடுவது. ஒன்று தலை சாய்ந்தால் அடுத்தது எழும்பும். பார்க்க வருகிறவன் எந்த வாரம் வந்தாலும் பாத்தி நிறைந்திருக்கும்.

அது எனக்குக் கொஞ்சம் இடைஞ்சலாகவும் இருந்தது. ஒரு பூ வாடியதாகக் கண்ணில் படவில்லை. முஸ்காரி என்ற குட்டி ஊதாப் பூ ஆறு மாதிரி மரங்களுக்கு நடுவே வளைந்து போகிறது, கரையில் வெள்ளை, அதற்கு அப்பால் ஆரஞ்சு. கல்யாண மண்டப மேடை அலங்காரம் ஞாபகம் வந்தது. மகளுக்கும் சந்தேகம். “அம்மா, இது நிஜப் பூவா, பிளாஸ்டிக்கா?” தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்டாள். அப்புறம் குனிந்து மோந்தாள். அடுத்ததை மோந்தாள். ஏழெட்டுப் பூ ஆனதும் நிமிர்ந்து, “ஒண்ணுத்துலயும் வாசமே இல்ல” என்று தீர்ப்பு சொல்லிவிட்டு நடந்தாள். வாசமுள்ள டியூலிப்பும் சில இருக்கின்றன, பெரும்பாலானவற்றுக்கு நம் மூக்குக்கு எட்டுகிற மணம் கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன். காதில் வாங்கவில்லை.

அவளுக்கு அந்த நாளின் பெரிய விஷயம் குளத்தின் குறுக்கே போட்டிருந்த மிதிகற்கள். நீர் மட்டத்திலேயே இருப்பதால், நடப்பவர்கள் தண்ணீர் மேல் நடப்பது போலத் தெரிகிறது. போய் வந்தாள், மறுபடி போனாள். எத்தனை முறை என்று எண்ணுவதை நான் பதினொன்றில் நிறுத்தினேன். 70 லட்சம் கிழங்கு ஒரு பக்கம், பத்துப் பதினைந்து கல் ஒரு பக்கம்.

காற்றாலை மேல் ஏறினோம். 1892இல் வடக்கே குரோனிங்கனில் கட்டியது, 1957இல் இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதன் மாடத்திலிருந்து பூங்காவுக்கு வெளியே உள்ள வயல்கள் தெரியும். ஒரே நிறம் நீட்டாகப் போய், கோடு கிழித்தாற்போல் அடுத்த நிறம் தொடங்குகிறது. அங்கே நின்றபோதுதான் கேட்டாள்.

“இவ்ளோ பூ இருக்கு, இங்க யாருமே தலையில வெக்கலையே, ஏன்?”

“இந்த ஊர்ல வைக்க மாட்டாங்க.”

“அப்ப எதுக்கு இவ்ளோ வளக்குறாங்க?”

நாளைக்கு வயலுக்குப் போகும்போது கேட்போம் என்றேன்.

சாப்பாடு பற்றி ஒரு வரி. பொஃபர்ட்யெஸ் என்று ஒரு பண்டம். குழிகுழியாக இருக்கிற இரும்புக்கல்லில் மாவை ஊற்றிக் குச்சியால் புரட்டுகிறார்கள். வேண்டிய விளக்கத்தை மகளே கொடுத்துவிட்டாள்: “பணியாரம்!” மேலே வெண்ணெயும் பொடித்த சர்க்கரையும். புளிச்சாத டப்பா திறக்கப்படாமலே திரும்பியது.

மூன்றாம் நாள், வெள்ளி

ஆல்ஸ்மேர் பூ ஏலத்துக்கு விடியற்காலையில் போக வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. அங்கே விலை மேலிருந்து கீழே இறங்கும். கடிகாரம் போன்ற ஒன்றில் முள் இறங்கிக்கொண்டே வர, முதலில் பொத்தானை அமுக்குகிறவருக்குச் சரக்கு. தயங்கினால் போச்சு, அவசரப்பட்டால் கைநஷ்டம். தோவாளையில் முகூர்த்த நாளுக்கு முந்தின நாள் பிச்சி விலை ஏறுகிற வேகத்தைப் பார்த்தவளுக்கு, இறங்குகிற விலையைப் பார்க்க ஆசை இருக்காதா? ஐந்து மணிக்கு மகளை எழுப்பினேன். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அவ்வளவுதான் ஆல்ஸ்மேர்.

பத்து மணிக்கு, பின்னால் குழந்தை இருக்கை வைத்த சைக்கிள் ஒன்று வாடகைக்கு எடுத்தோம். சைக்கிள் பாதைகள் பிரியும் இடங்களில் எல்லாம் எண் போட்டிருக்கிறார்கள். போக வேண்டிய எண்களை வரிசையாக ஒரு தாளில் எழுதிக்கொண்டால் போதும், வரைபடம் வேண்டாம். எண்ணைத் தேடுவது மகளின் வேலை. “நாப்பத்தொண்ணு, லெஃப்ட்!” என்று முதுகுக்குப் பின்னாலிருந்து உத்தரவு வரும். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, எதிர்க்காற்று தவிர. மேடே இல்லாத நாட்டில் காற்றுதான் மேடு.

கடலோர மணல் மேட்டுக்குப் பின்னால் உள்ள பகுதி இது. பழைய மணல்மேடுகளை வெட்டி மணலை நகரங்கள் கட்ட விற்றுவிட்டு, சமன் செய்த நிலத்தில் கிழங்கு போட்டார்கள். சுண்ணாம்புச் சத்துள்ள மணல், தண்ணீர் தேங்காது. நிலத்தடி நீரை வாய்க்கால் வழியே ஏற்றி இறக்கி, தரைக்கு அரை மீட்டர் சொச்சம் கீழேயே நிறுத்திவைக்கிறார்கள். கிழங்கு அழுகவும் கூடாது, காயவும் கூடாது.

நோர்ட்வைக்கர்ஹவுட் தாண்டி ஒரு வயலோரம் நிறுத்தினோம். சிவப்பு, கண்ணுக்கு எட்டியவரை சிவப்பு. உள்ளே இறங்காதீர்கள் என்று பலகை. படம் எடுக்க இறங்குகிறவர்களின் செருப்பில் நோய் ஒட்டிக்கொண்டு அடுத்த வயலுக்குப் போய்விடும். நாங்கள் ஓடைக்கு இந்தப் பக்கமே நின்றோம். தூரத்தில் ஒரு இயந்திரம் நகர்ந்து வந்தது. அது கடந்த இடத்தில் சிவப்பு இல்லை, வெறும் பச்சை. எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. மகளுக்கு அதற்கு முன்பே புரிந்துவிட்டது.

“அம்மா, தலையை வெட்டுறாங்க!”

வயல் முனையில் ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெரியவர் நின்றிருந்தார். குழந்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே ஓடைப் பாலத்தருகே வந்தார், நல்ல ஆங்கிலம். இங்கே விளைச்சல் என்பது பூ இல்லை, மண்ணுக்குள் இருக்கிற கிழங்குதான் என்றார். பூவை விட்டுவைத்தால் செடி விதை பிடிக்கப் போய்விடும், கிழங்கு சிறுக்கும். உதிர்ந்த இதழ் இலைமேல் கிடந்து நனைந்தால் ‘தீ’ பிடிக்கும். தீ என்று அவர்கள் சொல்வது ஒரு பூஞ்சை நோய். அதனால் பூ விரிந்ததும் நிறம் சரியா, நோய் இருக்கிறதா என்று சில நாள் பார்ப்பார்கள், பிறகு தலையைச் சீவிவிடுவார்கள். ஜூன், ஜூலையில் கிழங்கைத் தோண்டிக் காயவைத்துத் தரம் பிரிப்பார்கள். பெரியது விற்பனைக்கு, சின்னது அக்டோபருக்கு மேல் மறுபடி மண்ணுக்கு.

நான் தோவாளையைச் சொன்னேன். மொட்டாக இருக்கும்போதே பறிப்போம், செடியை விட்டுவிடுவோம், மறுநாளும் அது பூக்கும் என்று. “தினமுமா?” என்றார். பொறாமையா பரிதாபமா தெரியவில்லை.

மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. பெரியவர் வரப்பில் கிடந்த தலைகளில் நசுங்காததாக ஒன்றைத் தேடி எடுத்து வந்து அவள் கையில் வைத்தார். தண்டே இல்லாத சிவப்புப் பூ, முட்டை அளவு. சைக்கிளில் திரும்பும் வழியெல்லாம் அதைத் தொப்பிக்குள் வைத்திருந்தாள். எண் சொல்ல மறந்துவிட்டாள், நாங்கள் இரண்டு முறை வழி தவறினோம்.

ராத்திரி அவள் தூங்கிய பிறகு எழுதுகிறேன். அந்தப் பெரியவர் சொன்ன இன்னொன்று மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. பூ விரிந்திருக்கும் நாட்களில் வயலில் வரிசை வரிசையாகப் போய் வைரஸ் பிடித்த செடிகளைத் தேடிப் பிடுங்குவது பெரிய வேலை. இதழில் நிறம் உடைந்து, கோடுகோடாக இருந்தால் சந்தேகம். 1637க்கு முந்தைய சில ஆண்டுகளில் ஹார்லம், ஆம்ஸ்டர்டாம் பக்கம் ஆட்கள் பித்துப் பிடித்துத் தேடியதும் அதே கோடுகளைத்தான். வெள்ளையில் சிவப்புத் தீற்றல் விழுந்த ‘செம்பர் அகுஸ்டுஸ்’ என்ற டியூலிப்பின் கிழங்குக்கு வீட்டு விலை பேசினார்கள் என்பார்கள். அந்தத் தீற்றலுக்குக் காரணம் அசுவினிப் பூச்சி பரப்புகிற வைரஸ் என்பது 20ஆம் நூற்றாண்டில்தான் தெரிந்தது. பிப்ரவரி 1637இல் ஹார்லம் ஏலத்தில் வாங்க ஆளில்லாமல் போய் விலை சரிந்தது. நாடே திவாலானது என்று எழுதுவதெல்லாம் மிகை, மாட்டிக்கொண்டது வசதியுள்ள வியாபாரிகள் சிலர். ஆனாலும் நோய்க்கு ஏலம் எடுத்திருக்கிறார்கள்! எங்கள் சந்தையில் இப்படி ஒருத்தர் செய்திருந்தால் மூன்று தலைமுறைக்குப் பட்டப்பெயர் நிலைத்திருக்கும்.

நான்காம் நாள், சனி

பூத்தேர் ஊர்வலம். 1947இலிருந்து நடக்கிறது. நோர்ட்வைக் கடற்கரையில் கிளம்பி, கிழங்கு விளையும் ஊர்கள் வழியாக 40 கிலோமீட்டருக்கு மேல் போய் ராத்திரி ஹார்லம் சேருகிறது. நாங்கள் ரயிலில் சில நிமிடத்தில் சாசன்ஹைம் போய்ச் சாலையோரம் இடம் பிடித்தோம்.

ஸ்டேஷனிலிருந்து நடக்கும் வழியில் ஒரு வீட்டு வாசலில் மேசை, மேசைமேல் உண்டியல் டப்பா, பக்கத்தில் கம்பியில் தொங்கவிட்ட... மகள் நின்றுவிட்டாள். “அம்மா, மாலை!”

மாலையேதான். ஹயசிந்த் பூக்களை நூலில் கோர்த்து, நடுநடுவே மஞ்சள் டாஃபடில். இந்தப் பக்கத்தில் ஏப்ரலில் இப்படிக் கோர்த்து விற்பார்களாம், வாங்கிக் கார் முகப்பில் போட்டுக்கொண்டு ஊர் திரும்புவார்கள். காருக்கு மாலை போடுகிறவர்கள் நாம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். டப்பாவில் காசைப் போட்டு ஒன்றை எடுத்து மகளின் கழுத்தில் போட்டேன். முகத்தைப் புதைத்தவள் நிமிரவே இல்லை. வாசம்! ஹயசிந்த் வாசம் தூக்கலாக இருக்கும், மூடிய அறையில் வைத்தால் தலை வலிக்கும். மூன்று நாளாக மணக்காத பூ பார்த்தவளுக்கு அது போதவில்லை.

ஊர்வலம் வர நேரம் இருந்தது. நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து மாலையைப் பிரித்தேன். ஹயசிந்த்தை ஒவ்வொன்றாகப் பார்த்தால் நம் சம்பங்கியின் குட்டைத் தங்கை மாதிரி இருக்கிறது: சின்னக் குழல், நுனியில் ஆறு இதழ். வாழைநார் இல்லை. விடுதி அறையில் வைத்திருந்த தையல் நூல் கைப்பையில் இருந்தது. கால் கட்டைவிரலில் மாட்டிக்கொள்ள ஷூ கழற்றச் சோம்பலாகி, மகளின் விரலில் மாட்டிவிட்டுக் கட்டத் தொடங்கினேன். இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், ஒரு முடிச்சு. கட்டிப் பல வருடம் ஆயிற்று, ஆனால் கை மறக்கவில்லை. பக்கத்தில் நின்ற இரண்டு சிறுமிகள் முதலில் எட்டிப் பார்த்தார்கள், அப்புறம் குனிந்தார்கள், அப்புறம் ஒருத்தி தன் பொன்னிறச் சடையைத் திருப்பிக் காட்டிவிட்டாள். அவர்கள் அம்மா சிரித்துக்கொண்டே அனுமதி கொடுத்தார். தேர்கள் வருவதற்குள் மூன்று தலைக்கு மூன்று சரம். மீதி ஹேர்பின் எல்லாம் சாசன்ஹைமில் காலி.

தேர்கள் பெரிது, அழகு. பெரும்பாலும் ஹயசிந்த் தலைகளைக் குத்திக்குத்தி நிரப்பியவை, எப்படியும் வயலில் சீவப்படுகிற பூக்கள். ஊர்க்காரர்கள் ராப்பகலாகக் கொட்டகையில் உட்கார்ந்து குத்துவார்களாம். தேர் வருவதற்கு முன்பே அதன் மணம் தெருவுக்கு வந்துவிடுகிறது. பேண்டு வாத்தியம் காதைப் பிளந்தது. மகள் என் தோளில், தலையில் நீலச் சரத்தோடு. அந்த ஒரு மணி நேரத்தில் நான் எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் என் விரல் விழுந்திருக்கிறது.

ராத்திரி அம்மாவுக்கு வீடியோ அழைப்பு. முதலில் கேட்டது, “அங்க முழம் என்ன வெலைக்குப் போவுது?” முழக்கணக்கெல்லாம் கிடையாது என்றேன். “பின்ன எப்படி விக்கான்?” என்று முகம் சுளித்துவிட்டு, “திரும்பு மக்களே, பூவைக் காட்டு” என்று பேத்தியிடம் போய்விட்டார். நெருக்கிக் கட்டவில்லை என்று எனக்குக் குட்டு விழுந்தது. அடுத்து, வரும்போது ஒரு கிழங்கு கொண்டு வா, கிணற்றடியில் வைத்துப் பார்க்கிறேன் என்றார்.

“அதுக்குக் குளிர் வேணும்மா. மூணு மாசத்துக்கு மேல குளுந்து கிடந்தாத்தான் பூக்கும். நம்ம ஊர்ல வளக்கணும்னா ஃபிரிட்ஜ்ல வைக்கணும். பக்கத்துல ஆப்பிள் கீப்பிள் இருக்கக் கூடாது, அதுலேர்ந்து வர்ற வாயு உள்ளே இருக்குற மொட்டைக் கெடுத்துரும்.”

“மூணு மாசமா? வச்சா எத்தன நாளு பூக்கும்?”

“ஒரு வாரம், பத்து நாள். ஒரே ஒரு தடவை.”

“ஒரு தடவைக்கா என் ஃபிரிட்ஜு? நீ வெறுங்கையோட வா.”

ஐந்தாம் நாள், ஞாயிறு

காலையில் லெய்டன் பல்கலைக்கழகத்தின் தாவரத் தோட்டம். 1590இல் தொடங்கியது. நம் ஆனைமங்கலம் செப்பேடுகள் நெடுங்காலம் இருந்துவந்ததும் இந்தப் பல்கலைக்கழகத்தில்தான். சோழர் செப்பேடு என்றதும் மகள் கொட்டாவி விட்டதால் அந்தப் பேச்சை நிறுத்திக்கொண்டேன். கரோலஸ் குளூசியஸ் என்ற தாவரவியலாளர் 1593இல் இங்கே வந்து, துருக்கியிலிருந்து மேற்கே வந்துகொண்டிருந்த டியூலிப் கிழங்குகளை நட்டார். அடுத்த வசந்தத்தில் பூத்தன. கேட்டவர்களுக்கு அவர் எளிதில் கொடுக்க மாட்டாராம், அதனால் ராத்திரியில் வந்து தோண்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவர் தோட்டத்தைப் பழைய திட்டப்படியே திரும்ப அமைத்திருக்கிறார்கள். சின்னச் சின்னச் சதுரப் பாத்திகள், அதில் நம் விரல் உயரத்துக்குக் காட்டு டியூலிப்கள், கூர் இதழோடு. கூக்கன்ஹாஃபில் ஓடியவள் இங்கே ஒவ்வொன்றின் முன்பும் குந்தி உட்கார்ந்து பார்த்தாள். “இதுக்கெல்லாம் தலை வெட்டுவாங்களா?” என்றாள். இது தோட்டம், வயல் இல்லை, வெட்ட மாட்டார்கள் என்றேன்.

மத்தியான ரயில். பெட்டி முழுக்க ஹயசிந்த் மணம். மீதிச் சரத்தை ஈரத் தாளில் சுற்றிப் புளிச்சாத டப்பாவில் வைத்திருந்தேன். டப்பாவைத் திறந்தபோது எதிர் இருக்கைக்காரர் இடம் மாறி உட்கார்ந்துகொண்டார், புளி வாசத்துக்கா பூ வாசத்துக்கா தெரியவில்லை.

வீடு வந்ததும் மகள் கோட்டைக் கூடக் கழற்றாமல் அடுக்களைக்குப் போனாள். தொப்பிக்குள்ளிருந்து அந்தச் சிவப்புத் தலையை எடுத்தாள். இரண்டு இதழ் கழன்றுவிட்டது, ஓரம் கருத்திருக்கிறது. ஃபிரிட்ஜைத் திறந்து கீழ்த்தட்டில் வைத்தாள். காய்கறிப் பெட்டியைத் துழாவி மூன்று ஆப்பிளையும் வெளியே எடுத்து மேசைமேல் வைத்தாள். “மூணு மாசம் யாரும் தொடக் கூடாது. அப்பாகிட்டயும் சொல்லிரு.”

சொல்லிவிட்டேன். அவள் தூங்கப் போன பிறகு, குளிர் நேராகப் படாதபடி பூவைத் தோசைமாவு டப்பாவுக்குப் பின்னால் நகர்த்தி வைத்தேன்.